மறு அறிவிப்பு வரை

வால்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு ஏறும்
கம்பிவடப் பெட்டி
ஆகஸ்ட் மழையில் நின்றுபோனது.
'மறு அறிவிப்பு வரை' என்று ஓர் அட்டை.
பெட்டி ஓட்டும் நிபால்தோ
அதைக் கட்டிவிட்டு
பூட்டிய கதவுக்கு வெளியே
நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.
சம்பளம்தான் வருகிறதே.

படிகள் நூற்று அறுபத்தெட்டு.
முதல் நாள் எண்ணவில்லை, திட்டினேன்.
நகராட்சியை, மேயரை, மேயரின் மைத்துனனை,
இத்தனை உயரத்தில் வீடு வாங்கிவிட்டு
இறங்கிப்போன என் முன்னாள் கணவனை.
ஐம்பத்தொரு வயது.
சுங்க அலுவலகத்து நாற்காலியில்
இருபத்தாறு வருஷம் ஊறிய உடம்பு.
நாற்பதாவது படியில்
ஒரு மஞ்சள் நாய் படுத்திருந்தது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
இருவருக்கும் நாக்கு வெளியே.

இரவு மூன்று மணிக்கு
எனக்கொரு விருந்தாளி உண்டு.
யாரிடமும் சொன்னதில்லை.
மகன் வடக்கே சுரங்க வேலைக்குப் போன வருஷம்
வரத் தொடங்கியது.
நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கும்,
உள்ளங்கை வேர்க்கும்,
கூரை மெல்லக் கீழே இறங்கும்.
டாக்டர் ஓயார்சூன் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு
"இதயத்தில் ஒன்றுமில்லை" என்றார்.
ஒன்றுமில்லாததற்கு என்ன மருந்து?

செப்டம்பர். பெட்டி ஓடவில்லை.
தேசிய விழாவுக்கு வாங்கிய இறைச்சி, ஒயின், கரிமூட்டை
எல்லாம் என் இரண்டு கைகளில்.
அறுபத்திரண்டாவது படியில் நின்றபோதுதான்
கவனித்தேன்:
திடும் திடும்.
அதே அடி, அதே வேர்வை.
ஆனால் கூரை இல்லை.
மேலே வானம்,
அது எங்கும் இறங்கி வரவில்லை.
துறைமுகத்தில் ஒரு கிரேன்
சிவப்புக் கொள்கலனைத் தூக்கிக்கொண்டிருந்தது,
நிதானமாக,
என்னைச் சட்டை செய்யாமல்.
இரண்டு நிமிடம்.
அடுப்பைக் குறைத்ததும் பால் அடங்குவதுபோல
நெஞ்சு தானே அடங்கியது.

அடுத்த முறை மூன்று மணிக்கு வந்ததிடம்
"வா, உன்னை எனக்குத் தெரியும்,
அறுபத்திரண்டாவது படியில் பார்த்திருக்கிறேன்" என்றேன்.
வந்தது உட்காரவில்லை.

எல்லா நாளும் பறந்தேன் என்றால் பொய்.
நவம்பரில் முழங்கால் முறுக்கிக்கொண்டது.
ஒன்பது நாள் பஸ்ஸில் சுற்றிப் போனேன்.
பத்தாம் நாள்
படிகள் அங்கேயே இருந்தன,
முகம் தூக்கி வைத்துக்கொள்ளாமல்.

பாவாடை இடுப்பில் நிற்க மறுத்தது.
சர்க்கரைக் கணக்கைப் பார்த்து
ஓயார்சூன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
இரவுகளில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.
ஒரு கப்பல் ஏஜெண்ட் மேஜையைத் தட்டிக் கத்தியபோது
நான் பதினொன்று வரை எண்ணி
முத்திரை குத்திக் கொடுத்ததை
பக்கத்து இருக்கை ஓர்டென்சியா
இன்னமும் எல்லோரிடமும் சொல்கிறாள்.
அலுவலகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும்
காரணமே இல்லாமல் இறங்கி ஏறினேன்.
பைத்தியம் என்றார்கள் ஜன்னல்களில்.
இருக்கலாம்.

மே மாதம் பெட்டி ஓடியது.
பேண்டு வாத்தியம், ரிப்பன், மேயர்,
நிச்சயம் அந்த மைத்துனனும்.
"யாஸ்னா, உனக்கு ஜன்னலோரம்" என்றான் நிபால்தோ,
புதுச் சீருடையின் பொத்தான்கள் திணற.
ஏறினேன்.
ஐம்பது விநாடி.
மேலே வந்து நின்றபோது
நான் மட்டும்தான் வந்திருந்தேன்.
என் மூச்சு இன்னும் கீழேயே
எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.
போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்,
நூற்று அறுபத்தெட்டும் நடந்து.

அதற்கப்புறம்
பெட்டி என்னைக் கடக்கும்போதெல்லாம்
உள்ளிருந்து கையசைப்பான்.
நான் பதிலுக்கு எண்ணிக்கையைக் கத்துவேன்:
எண்பத்தேழு! நூற்று மூன்று!

போன வெள்ளிக்கிழமை, இருட்டும் நேரம்,
நாற்பதாவது படியில்
நாயின் பக்கத்தில் ஒரு பெரிய உருவம்.
தொப்பி கையில், பொத்தான்கள் அவிழ்ந்து.
நிபால்தோ.
பேச வாய் திறந்தான், மூச்சு இடம் விடவில்லை.
நாய் அவனைப் பார்த்தது, பிறகு என்னை.

"அறுபத்திரண்டு வரைக்கும் வா" என்றேன்.
"அங்கே ஒன்று காட்டவேண்டும்."